புதுசு புதுசு என்கிறார்களே, இதில் எது புதுசு? (மார்க் கசின்ஸ் ஆவணப்படம்)

கேள்வி
7 செப்டம்பர் 2024

மார்க் கசின்ஸின் 'த ஸ்டோரி ஆஃப் ஃபிலிம்: எ நியூ ஜெனரேஷன்' பார்த்து முடித்தேன். கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரம். 2010க்குப் பிறகு உலக சினிமா எவ்வளவு புதுமை செய்திருக்கிறது என்று துண்டு துண்டாகக் காட்டுகிறார். எனக்கு ஒன்றுகூடப் புதுசாகத் தெரியவில்லை. ஒரே ஷாட்டா? ஹிட்ச்காக் 1948இலேயே 'ரோப்' எடுத்துவிட்டார். 3டி ஐம்பதுகளில் வந்து போன சமாச்சாரம். நடிகரல்லாதவர்களை நடிக்க வைப்பது இத்தாலிக்காரர்கள் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு செய்தது. பழைய சரக்குக்குப் புது லேபிள். மறுக்கிறவர்கள் உதாரணத்தோடு வரவும்.

பதில்கள்

8 செப்டம்பர், காலை

உதாரணத்தோடு வா என்றீர்கள், வருகிறேன். முதலில் படத்தைப் பார்க்காதவர்களுக்காக இரண்டு வார்த்தை. இதே கசின்ஸ் 2011இல் பதினைந்து மணி நேரத்துக்கு சினிமா வரலாறு ஒன்றை எடுத்தார். அதன் தொடர்ச்சிதான் இது. 2021 கான் திரைப்பட விழாவில் வந்தது. படத் துண்டுகள் ஓடும், மேலே அவர் குரல் ஓடும். வட அயர்லாந்துக் குரல், ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் கேள்வி கேட்பதுபோல மேலே ஏறி நிற்கும். சிலருக்குத் தாலாட்டு, சிலருக்கு எரிச்சல். எனக்கு ஆரம்பத்தில் எரிச்சல், பிறகு பழகிவிட்டது.

தொடக்கமே குறும்பு. 'ஜோக்கர்' நாயகன் படிக்கட்டில் ஆடிக்கொண்டே இறங்குகிறான். அடுத்து 'ஃப்ரோஸன்' எல்சா பனிமலையில் நின்று பாடுகிறாள். அடக்கி வைத்ததை அவிழ்த்துவிட்ட இரண்டு பேர் என்று பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றியிருக்காது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 'யார் முதலில் செய்தது' என்பது காப்புரிமை அலுவலகத்தில் கேட்க வேண்டிய கேள்வி. எனக்கு அதில் ஆர்வமில்லை. ஓர் உத்தி, இருட்டில் உட்கார்ந்திருக்கும் என்னை என்ன செய்ய வைக்கிறது என்று பார்ப்பேன். முன்பு செய்யாத ஒன்றை என் கண்ணோ காதோ செய்தால் அது புதுசு, உத்திக்கு வயது நூறானாலும் சரி.

8 செப்டம்பர், இரவு

கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுகிறேனாம். சரி, காப்புரிமை அலுவலகத்துக்கே போவோம். 'ரோப்' ஒரே ஷாட் படம் இல்லை. அன்றைய கேமராவில் ஃபிலிம் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடாது. அதனால் யாராவது ஒருவரின் கோட்டு முதுகுக்குக் கேமராவைக் கொண்டுபோய் இருட்டாக்கி, அங்கே ஒட்டினார். சில இடங்களில் மறைக்கக்கூட இல்லை, வெளிப்படையான கட் இருக்கிறது. அவர் ஆசைப்பட்டதை டிஜிட்டல் வந்த பிறகு ரஷ்ய இயக்குநர் சொகுரோவ் செய்தார்: 'ரஷ்யன் ஆர்க்', 2001 டிசம்பரில் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்துக்குள், ஹார்ட் டிஸ்க்கில் பதிந்துகொண்டே நடந்தார்கள்.

10 செப்டம்பர்

ஒரே ஷாட் பேச்சு ஓய்வதாக இல்லை. முடித்துவிடுவோம்.

கல்யாண வீடியோ எடிட் செய்வது என் பிழைப்பு. கேமரா ஆடாமல் பிடித்துக்கொள்ளும் ஜிம்பல் கைக்கு வந்த புதிதில், வாசல் வாழை மரத்தில் தொடங்கி, பன்னீர் தெளிக்கிற பெண், சந்தனக் கிண்ணம், நாற்காலி வரிசை, மணமேடை என்று வெட்டாமல் ஒரே இழுப்பாக எடுத்துக் கொடுத்தோம். இரண்டு வீட்டாரும் அசந்துபோனார்கள். எல்லாரும் கேட்டது, "எப்படி எடுத்தீங்க?" அந்த ஷாட்டின் கடைசியில் மணப்பெண் யாரையோ தேடிப் பார்க்கிறாள். அதை ஒருவரும் கவனிக்கவில்லை. ஒரே ஷாட்டுக்கு உள்ள வியாதி இது. பார்க்கிறவன் கதையை விட்டுவிட்டு வெட்டு எங்கே என்று தேட ஆரம்பித்துவிடுவான்.

'விக்டோரியா' (2015) இந்த வியாதியிலிருந்து பாதி தப்பித்த படம். பெர்லின், விடியற்காலை, 138 நிமிடம், நிஜமாகவே வெட்டு கிடையாது. முழுப் படத்தையும் மூன்று முறை எடுத்து மூன்றாவதை வைத்துக்கொண்டார்கள். வசனம் பெரும்பாலும் நடிகர்கள் அந்தந்த நேரத்தில் பேசியது. முதல் முக்கால் மணி நேரம் சும்மா சுற்றுகிறார்கள், பீர் குடிக்கிறார்கள், மொட்டை மாடியில் பேசுகிறார்கள். அந்தச் சலிப்பு வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வங்கிக் கொள்ளைக்கு நாயகி விக்டோரியா சரி என்று சொல்லும்போது, 'இவள் ஏன் வீட்டுக்குப் போகவில்லை' என்று கேட்க முடியாது. நாமும்தான் போகவில்லை.

முழுதாகத் தப்பித்தது ஈரான் படம், ஷாராம் மொக்ரியின் 'ஃபிஷ் அண்ட் கேட்' (2013). ஏரிக்கரையில் பட்டம் விட வந்து கூடாரம் போட்டிருக்கும் மாணவர்கள். பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை; கடைக்காரர்கள் என்ன கறி சமைக்கிறார்கள் என்பதே சந்தேகம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே ஷாட். கேமரா ஒருவனைத் தொடர்ந்து மரங்களுக்குள் போகும், எதிரே வருகிறவரைத் தொற்றிக்கொண்டு திரும்பும், கொஞ்ச நேரம் கழித்து நாம் ஏற்கெனவே கேட்ட பேச்சு மறுபடி தொடங்கும், இந்த முறை எதிர்ப்பக்கத்திலிருந்து. காலம் வளைந்துவிட்டது. வெட்டு இல்லையென்றால் நேரம் நேராகத்தான் ஓடும் என்று நம் மூளை கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறது. அவர் கை வைப்பது அந்த நம்பிக்கையில். வெனிஸ் விழாவில் ஒரிசோந்தி பிரிவில் புதுமைக்கென்றே இதற்கு ஒரு சிறப்பு விருது கொடுத்தார்கள்.

2022இல் பார்த்திபனின் ஒரே ஷாட் படம் 'இரவின் நிழல்' வந்தபோது 'ஃபிஷ் அண்ட் கேட்' பெயர் இங்கே அடிபட்டதே, யார் முதல் என்று. அந்தச் சண்டையில் எனக்கு நாட்டமில்லை. எனக்குக் குறுகுறுப்பாக இருந்தது வேறு. படத்துக்கு முன்னால் 'எப்படி எடுத்தோம்' என்று நீளமான ஒரு தொகுப்பைப் போட்டார்கள். செட் எப்படித் திரும்புகிறது, யார் எங்கே ஓடுகிறார்கள் எல்லாம் அதில் இருந்தது. அதைப் பார்த்த பிறகு படம் பார்த்தால், நாயகன் அழும்போது 'அடுத்த செட்டுக்கு ஆட்கள் போய்ச் சேர்ந்திருப்பார்களா' என்று மனம் கணக்குப் போடுகிறது. சர்க்கஸ் பார்ப்பதுபோல ஒரு பதற்றம். அதை நான் ரசித்தேன். கதையோடு ஒட்டினேனா என்றால், இல்லை.

13 செப்டம்பர்

3டிக்கு வருவோம். கேட்டவர் இதை ஐம்பதுகளோடு மூட்டை கட்டிவிட்டார்.

பிரெஞ்சு சினிமா இயக்குநர் கோதார், 'குட்பை டு லாங்குவேஜ்', 2014. மனிதருக்கு அப்போது வயது 83. 3டி என்றால் இரண்டு கேமரா, இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்தேதான் திரும்ப வேண்டும், பிரிந்தால் தலைவலி. இது பாலபாடம். ஒரு காட்சியில் ஒருத்தியை ஒருவன் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறான். ஒரு கேமரா அவளோடு திரும்புகிறது. மற்றது இருந்த இடத்தில், மிஞ்சியவனிடமே நிற்கிறது. ஒரு கண்ணுக்கு அவள், மறு கண்ணுக்கு அவன். இரண்டு கண்ணையும் திறந்து வைத்தால் ஒருவர் மேல் ஒருவர் படிந்த கலங்கல். ஒன்றை மூடினால் அவள் மட்டும், மாற்றி மூடினால் அவன் மட்டும். அவள் திரும்பி வந்ததும் கேமராக்கள் சேர, படம் மறுபடி ஒன்றாகிவிடுகிறது.

ஒரு விழாவில் கண்ணாடியோடு இதைப் பார்க்க வாய்த்தது. அரங்கில் ஆளாளுக்கு ஒரு கண்ணை மூடி மூடித் திறக்கிறோம். பக்கத்து இருக்கைப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டார், பாவம், கோளாறு கண்ணாடியில் என்று நினைத்துவிட்டார். எடிட்டராக எனக்கு வயிற்றில் புளி கரைந்தது. நான் மேசையில் உட்கார்ந்து செய்கிற வேலையைத் தூக்கிப் பார்வையாளர் இமையில் வைத்துவிட்டார் கிழவர். எங்கே வெட்ட வேண்டும், யார் முகத்துக்கு, எவ்வளவு நேரம், எல்லாம் அவரவர் பாடு. ஐம்பதுகளில் 3டி வந்தபோது ஈட்டி நம் மூக்கை நோக்கி வந்தது. இப்படி ஒன்று வந்ததா?

இரண்டாவது, சீனாவின் பி கான். 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்' (2018). முதல் பாதி சாதாரணத் தட்டைப் படம். நாயகன் ஒரு பழைய சினிமாக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்து 3டி கண்ணாடியை மாட்டுகிறான். நாமும் அப்போதுதான் மாட்ட வேண்டும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். படத்தின் பெயரே அங்கேதான் திரையில் வருகிறது, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிய பிறகு. அங்கிருந்து கடைசி வரை ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒரே ஷாட், சுரங்கம், கம்பியில் தொங்கிக்கொண்டு இறங்குவது, பறப்பது என்று. கனவுக்குள் போகிறான் என்பதை வசனத்தில் சொல்லாமல், நம் கையை மூக்குக்குக் கொண்டுபோக வைத்துச் சொல்லிவிட்டார்.

இப்போது ஆவணப்படத்தின் மேல் என் புகார். இந்த மாதிரிப் புதுமையைத் துண்டு எடுத்துக் காட்டவே முடியாது. கோதாரின் அந்த ஷாட்டை தட்டைத் திரையில் போட்டால் ஒரு கண்ணின் படத்தைப் போடலாம், அல்லது இரண்டையும் குழைத்துப் போடலாம். இரண்டிலும் விஷயம் செத்துவிடும். பி கானின் கடைசி மணி நேரத்தில் அரை நிமிடம் போட்டால், யாரோ நடக்கிறார்கள் என்றுதான் தெரியும். கேட்டவருக்கு ஒன்றும் புதுசாகத் தெரியாததற்கு இது பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். எச்சிலைத் தொட்டுப் பார்த்து விருந்தை எடை போடுகிறார்.

14 செப்டம்பர்

பி கான் படம் சீனாவில் வெளியான கதை தெரியுமா? 2018 டிசம்பர் 31. புத்தாண்டு பிறக்கும் நொடியில் படம் ஒரு முத்தத்தோடு முடியும், காதலியை அழைத்து வாருங்கள் என்று விளம்பரம். காட்சி நேரத்தையே நள்ளிரவுக்குக் கணக்குப் பார்த்து வைத்தார்கள். முதல் நாள் சுமார் 26 கோடி யுவான் வசூல். ஜோடி ஜோடியாக வந்தவர்களுக்குக் கிடைத்தது, இறந்துபோன நண்பன், கைவிட்ட தாய், யாரென்றே தெளிவாகாத பச்சைச் சட்டைக்காரி. மறுநாள் இணையத்தில் வசவு மழை, வசூல் பாதாளத்தில். அன்று நள்ளிரவில் எத்தனை ஜோடிகள் முறைத்துக்கொண்டு வீடு போனார்களோ.

18 செப்டம்பர்

மேலே ஒருவர் 'டேஞ்சரின்' என்ற அமெரிக்கப் படம் வெறும் போனில் எடுத்தது, ஆகவே யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று எழுதியிருக்கிறார். வெறும் போன் இல்லை. இயக்குநர் ஷான் பேக்கரிடம் மூன்று ஐபோன் 5எஸ் இருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் அகலத்திரைக்கான அனமார்ஃபிக் அடாப்டர் ஒட்டியிருந்தது, அன்றைக்கு அது சந்தைக்கு வராத மாதிரிப் பொருள். ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டி வைக்க ஒரு செயலி, கை நடுங்காமலிருக்கச் சின்ன ஸ்டெடிகேம், சில இடங்களில் பேக்கரே சைக்கிளில் சுற்றி வந்து எடுத்தார். ஒலிக்குத் தனி ஆள், தனி மைக். பட்ஜெட் சுமார் ஒரு லட்சம் டாலர். அமெரிக்கக் கணக்கில் சில்லறை, நம் கணக்கில் நல்ல தொகை.

போன் அங்கே செய்தது வேறு வேலை. லாஸ் ஏஞ்சலஸ் தெருவில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், இரண்டு திருநங்கைகள் நடக்கிறார்கள். அவர்கள் தொழில்முறை நடிகைகள் அல்ல. பெரிய கேமரா வந்தால் தெரு நின்று வேடிக்கை பார்க்கும், அவர்களும் விறைத்துவிடுவார்கள். போனை யார் மதிக்கிறார்? எனக்கு இது தினப்படி அனுபவம். பெரிய கேமராவைத் திருப்பினால் பாட்டிகள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு சிலையாகிவிடுவார்கள். அதே பாட்டியைப் பேரன் போனில் எடுத்த துண்டில் வாயில் வெற்றிலையோடு சம்பந்தியைத் திட்டிக்கொண்டிருப்பார். ஹைலைட்ஸில் நான் அதைத்தான் வைப்பேன். ஒரு முறை அதற்காகவே பணம் குறைத்துக்கொண்டார்கள்.

கவனியுங்கள், பேக்கர் அதன் பிறகு போனைக் கொண்டாடிக்கொண்டு திரியவில்லை. 'த ஃப்ளோரிடா ப்ராஜெக்ட்' 35 எம்எம் ஃபிலிமில் எடுத்தார். அதன் கடைசிக் காட்சி மட்டும் ஐபோன், ஏனென்றால் டிஸ்னி வேர்ல்டுக்குள் அனுமதி இல்லாமல் எடுக்க வேண்டியிருந்தது. இந்த வருடம் கானில் தங்கப்பனை விருது வாங்கிய 'அனோரா'வும் ஃபிலிம்தான்.

18 செப்டம்பர், கொஞ்சம் கழித்து

அனிமேஷனை விட்டுவிட்டேன் என்று ஒரு குரல். ஒன்று சொல்கிறேன். 'ஸ்பைடர்மேன்: இன்டு த ஸ்பைடர்வெர்ஸ்' (2018). வழக்கமாகக் கணினி அனிமேஷனில் நொடிக்கு 24 ஃப்ரேமும் அசையும். இதில் காட்டுக்குள் இரண்டு பேர் நூல் விட்டுத் தாவும்போது பழம் தின்று கொட்டை போட்ட பீட்டருக்கு 24 அசைவு, கற்றுக்குட்டிப் பையன் மைல்ஸுக்கு 12. ஒரே ஃப்ரேமுக்குள். ஏன் பையன் தடுமாறுவதாகத் தெரிகிறது என்று நமக்குப் புரியாது, ஆனால் தெரியும். என் மகள் கண்டுபிடிக்கவில்லை, நானும் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பிறகு ஃப்ரேம் ஃப்ரேமாகத் தள்ளிப் பார்த்தேன், அப்படியே இருக்கிறது.

22 செப்டம்பர்

ஞாயிறு, வேலை இல்லை, நீளமாக எழுதுவேன்.

ஜோனதன் கிளேசர் என்ற ஒரே இயக்குநரை வைத்து இந்தச் சர்ச்சையை முடிக்கலாம். 'அண்டர் த ஸ்கின்' (2013): ஸ்கார்லெட் ஜோஹான்சன் ஒரு வெள்ளை வேனை ஓட்டிக்கொண்டு கிளாஸ்கோ தெருக்களில் ஆண்களிடம் வழி கேட்கிறார். வேனுக்குள் இதற்கென்றே செய்த சின்னக் கேமராக்கள் ஒளித்து வைத்திருந்தன. ஏறியவர்களில் பலருக்குத் தாங்கள் படத்தில் இருப்பதே தெரியாது. எடுத்து முடித்துப் பிறகுதான் சொல்லி ஒப்புதல் வாங்கினார்கள். அவள் வேற்றுக்கிரகத்து ஆள், மனிதரை வேட்டையாட வந்தவள். அவள் கண்ணுக்கு மனிதர்கள் எப்படித் தெரிவார்கள் என்பதற்கு, தான் பார்க்கப்படுவதே தெரியாத முகங்களை வைத்திருக்கிறார். இத்தாலிக்காரர்களின் நடிகரல்லாதவர்களுக்குத் தாங்கள் நடிக்கிறோம் என்று தெரியும். இது அது இல்லை.

பத்து வருடம் கழித்து அதே யோசனையைத் திருப்பிப் போட்டார், 'த ஸோன் ஆஃப் இன்ட்ரெஸ்ட்'. நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த ஆஷ்விட்ஸ் முகாமின் தலைவன் ஹோஸின் வீடு. முகாமுக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு மதில். வீடு முழுக்க அசையாத கேமராக்களைப் பதித்து, படக்குழு அங்கே இல்லாமல், நடிகர்களைத் தனியே விட்டு எடுத்தார். சமையலறையில் ஒருத்தி, மாடியில் ஒருவன், எல்லாம் ஒரே நேரத்தில் பதிவாகும். குளோஸ்அப் அபூர்வம். மதிலுக்கு அந்தப் பக்கம் நடக்கும் கொலைகளைக் காட்டுவதே இல்லை. ஒலி மட்டும் வருகிறது: தூரத்து இரைச்சல், நாய், துப்பாக்கி, ஒரு கத்தல். இந்தப் பக்கம் ஹோஸின் மனைவி குழந்தைக்குப் பூக்களைக் காட்டுகிறாள். அரை மணி நேரத்துக்குப் பிறகு, அவளுக்குப் பழகிப்போனதுபோல எனக்கும் அந்த இரைச்சல் பழகியிருந்தது. அதைக் கவனித்தபோதுதான் வெலவெலத்துப் போனேன். இதற்கு ஒலிக்கான ஆஸ்கர் கொடுத்தார்கள், நியாயம்.

'சன் ஆஃப் சால்' (2015) இதற்கு அண்ணன். அதே ஆஷ்விட்ஸ், மதிலுக்கு உள்ளே. கேமரா ஒரு கைதியின் பிடரியை விட்டு நகராது. ஏறத்தாழ சதுரமான ஃப்ரேம், அவனைத் தவிர மற்றதெல்லாம் மங்கல். என்ன நடக்கிறது என்பதைக் காது சொல்லிவிடும், கண்ணுக்குக் காட்ட மாட்டார். அந்தப் பயங்கரத்தைப் படமாகக் காட்டலாமா கூடாதா என்று சினிமாக்காரர்கள் பல பத்தாண்டுகளாக அடித்துக்கொள்கிறார்கள். இதன் இயக்குநர் நெமெஷ் லென்ஸை வைத்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

ஒலி என்றதும் என் தொழிலின் கேவலத்தைச் சொல்லியாக வேண்டும். முகூர்த்த நேரத்துக் கெட்டிமேளம், ஐயர் குரல், யாரோ ஒரு அத்தை மூக்கை உறிஞ்சுவது எல்லாம் மைக்கில் அருமையாக விழுந்திருக்கும். எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டு மேலே ஒரு சினிமாப் பாட்டைப் பூசுவோம். கேட்டால் கஸ்டமர் கேட்கிறார் என்போம்.

போன மாதம் வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' பார்த்தேன். பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ சத்தம், சேவல், காற்று. எனக்கு முன் வரிசையில் இருந்தவர் கொறிக்கும் சத்தம் படத்தின் ஒலியோடு சேர்ந்துவிட்டது, கொஞ்ச நேரத்தில் அவரே கூச்சப்பட்டு நிறுத்திக்கொண்டார். பார்க்கிறவனை என்ன செய்ய வைக்கிறது என்றேனே, இதுவும் கணக்கில் சேரும்.

23 செப்டம்பர்

"ஆஷ்விட்ஸ் பற்றிப் பேசும் இடத்தில் கல்யாண வீடியோவா?" என்று தனிச்செய்தியில் ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். கோபம் புரிகிறது. எனக்குத் தெரிந்த மேசை அது ஒன்றுதான், அங்கிருந்துதான் எதையும் பார்க்க வருகிறது.

29 செப்டம்பர்

கேட்டவர் மறுபடி வந்து, "நீ சொல்வதெல்லாம் காசும் கருவியும் உள்ளவர்கள் செய்தது" என்கிறார். நல்ல கேள்வி. ஈரான் இயக்குநர் ஜாஃபர் பனாஹி.

2010 டிசம்பரில் ஈரான் நீதிமன்றம் அவருக்கு ஆறு வருடச் சிறையும், படம் எடுக்கவும் திரைக்கதை எழுதவும் பேட்டி கொடுக்கவும் இருபது வருடத் தடையும் விதித்தது. மேல்முறையீடு நடக்கும்போது டெஹ்ரான் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். நண்பர் மொஜ்தபா மிர்தமாஸ்ப் கேமராவோடு வருகிறார். படம் இயக்கக் கூடாது என்றுதானே தடை, எழுதி முடித்த திரைக்கதையை வாசித்துக் காட்டக் கூடாது என்று இல்லையே? அப்படி ஆரம்பிக்கிறார்கள். படத்தின் பெயர் 'திஸ் இஸ் நாட் எ ஃபிலிம்'.

வரவேற்பறைக் கம்பளத்தில் ஒட்டுநாடாவை ஒட்டி அறை ஒன்றை வரைகிறார். இது சுவர், இது ஜன்னல், இங்கே அவள் படுக்கை. அந்தக் கோடுகளுக்கு நடுவே நின்று, உட்கார்ந்து, கேமரா இங்கிருந்து இப்படி வரும் என்று கையால் காட்டி நடித்துக் காட்டுகிறார். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தும் வீட்டில் பூட்டி வைக்கப்பட்ட ஒரு பெண்ணின் கதை. கொஞ்ச நேரத்தில் அந்த ஜன்னலும் படுக்கையும் எனக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டன. திடீரென்று நிறுத்துகிறார். வாயால் சொல்லிவிட முடியுமென்றால் படம் எதற்கு எடுக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு வெளியே போய்விடுகிறார். மேசையில் உடும்பு மாதிரி ஒரு பிராணி, வீட்டில் வளர்ப்பது, அதுபாட்டுக்குப் புத்தக அலமாரியில் ஏறிக்கொண்டிருக்கிறது. அதையும் எடுத்திருக்கிறார்கள். கொஞ்சம் பகுதி அவரே தன் போனில் எடுத்தது.

படம் 2011இல் கானுக்குப் போனது கேக்குக்குள் ஒளித்து வைத்த யூஎஸ்பியில். அந்த வருடமே மிர்தமாஸ்பைக் கைது செய்தார்கள். கருவிச் செலவு என்று பார்த்தால் ஒட்டுநாடாவும் கேக்கும்.

கம்பளத்துக் கோடும் கோதாரின் இரண்டு கண்ணும் எனக்கு ஒரே குடும்பம். திரையில் இல்லாததை நம்மிடமே கட்டச் சொல்கிறார்கள். ஆனால் பனாஹியின் காட்சியைத் துண்டாகப் போட்டாலும் ஓரளவு நிற்கும் என்பதால், 13ஆம் தேதி வைத்த புகாரை அவ்வளவு மொத்தமாக வைக்கலாமா என்று யோசனையாக இருக்கிறது.

2 அக்டோபர்

விடுமுறை. ஆவணப்படத்தை மறுபடி போட்டேன், இந்த முறை கையில் ரிமோட்டோடு, எடிட்டர் புத்தியோடு.

கசின்ஸின் வேலை துண்டைக் காட்டுவது என்று நினைத்துப் பார்த்தால் ஏமாற்றம்தான். அவர் வேலை ஒட்டுவது. ஜோக்கரையும் எல்சாவையும் ஒட்டினாரே, அதே பாணியில் படம் முழுக்கப் போகிறது. நகைச்சுவைக்கு நம்மூர் 'பிகே'வையும் எடுத்துக்கொள்கிறார். விழாப் படம், வசூல் படம் என்ற பந்தி பிரித்தல் இல்லை. தாய்லாந்து இயக்குநர் அபிசட்போங்கின் 'செமட்ரி ஆஃப் ஸ்ப்ளெண்டர்' வரும் இடத்தில் நான் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தை மாற்றி ஆக்கிய மருத்துவமனை, தூக்க நோயில் கிடக்கும் சிப்பாய்கள், ஒவ்வொரு கட்டிலருகிலும் வளைந்து நிற்கும் விளக்குத் தண்டு. அதன் நிறம் சிவப்பிலிருந்து பச்சைக்கு, பச்சையிலிருந்து நீலத்துக்கு மெல்ல மாறும். மூலப்படத்தில் அந்த நிற மாற்றம் மருத்துவமனையை விட்டு வெளியேறி ஊர் முழுக்கப் பரவுவதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். எனக்கு முதல் தடவை தூக்கமே வந்தது. தூங்குகிறவர்களைப் பற்றிய படத்தில் தூங்கினால் இயக்குநர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

ஆக, இந்த ஆவணப்படம் புதுமைக்குச் சாட்சி சொல்லும் இடத்தில் பலவீனம், எதை எதோடு வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லும் இடத்தில் பலம். கேட்டவர் சாட்சி எதிர்பார்த்துப் போயிருக்கிறார்.

5 அக்டோபர்

தலைப்பை விட்டு ஓடுகிறேன், மன்னிக்கவும். உகாண்டா, கம்பாலா, வகாலிகா குடிசைப் பகுதி. ஐசக் நப்வானா என்பவர் 'ஹூ கில்ட் கேப்டன் அலெக்ஸ்?' என்று 2010இல் ஒரு அடிதடிப் படம் எடுத்தார். செலவு இருநூறு டாலருக்கும் குறைவு என்கிறார்கள். இரும்புக் குப்பையில் செய்த துப்பாக்கி, கணினியில் ஒட்டிய ஹெலிகாப்டர், வீட்டிலேயே தயாரித்த ரத்தம். சிறப்பு அது இல்லை. படம் ஓடும்போது மேலே ஒரு ஆள் இடைவிடாமல் பேசிக்கொண்டே இருக்கிறார், வீஜே எம்மி. உகாண்டாவில் வெளிநாட்டுப் படங்களுக்குக் கொட்டகையில் ஒருவர் மைக் பிடித்து உள்ளூர் மொழியில் விளக்கமும் நக்கலும் சொல்வது வழக்கம். அந்த ஆளை நப்வானா படத்துக்குள்ளேயே பதிந்துவிட்டார். நாயகன் அடிபடும்போது கிண்டல், சண்டை வரும் முன்பே விளம்பரம். பார்வையாளன் செய்ய வேண்டியதையும் படமே செய்துவிடுகிறது, என் கொள்கைக்கு நேர் எதிர். விழுந்து விழுந்து சிரித்தேன். கொள்கை கிடக்கட்டும்.

6 அக்டோபர்

கேட்டவருக்கு: கசின்ஸை ஒரு மாதம் மறந்துவிடுங்கள். 'த ஸோன் ஆஃப் இன்ட்ரெஸ்ட்' நல்ல ஹெட்போன் போட்டுப் பாருங்கள், போனில் வேண்டாம். அப்புறம் பனாஹி. 'ஃபிஷ் அண்ட் கேட்' கிடைத்தால் யாராவது கூட இருக்கும்போது பாருங்கள், நடுவில் நிறுத்தி "இது முன்னாடியே வந்துச்சு இல்ல?" என்று கேட்க ஆள் வேண்டும். பிறகும் பழைய சரக்கு என்றால் சரி, விட்டுவிடுகிறேன்.

9 அக்டோபர்

கோவை நண்பர் ஒருவர் வீட்டுப் பரணில் பழைய 3டி டிவி இருக்கிறதாம், இன்னும் வேலை செய்கிறதாம். கோதார் வட்டு என்னிடம் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு போட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. கண்ணாடி இரண்டுதான் மிச்சம், ஒன்று வீட்டுக்காரருக்கு. இன்னொன்று கேள்வி கேட்டவருக்கு, ரயில் டிக்கெட் அவர் செலவு. மற்றவர்கள் அந்தக் காட்சி வரும்போது கடன் வாங்கிக்கொள்ளலாம்.